எண்ணெய் விடாத கீல்

அண்ணே,

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் எங்கள் வீட்டு வாசலில் நடந்த கூட்டத்தில், இரும்புக் கேட்டின் கீல்களுக்கு எண்ணெய் விடுவதில்லை என்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. கூட்டத்தில் நானும் வசந்தியும் கலந்துகொண்டோம். யாழினி கடைசிவரை உடனிருந்தாள். கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை. எதிர்ப்புத் தெரிவித்தவர் பெயின்டர் ஒருவர்தான். பச்சை அடித்து முடித்துவிட்டு, பையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்து மேல்கீல் பக்கம் கொண்டுபோன அவருடைய கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு சொட்டு சார். பூ மாதிரி தொறக்கும்."

"வேணாம்."

"தெருவுக்கே கேக்குது சார் இந்தச் சத்தம்."

"கேக்கட்டும்," என்றாள் வசந்தி.

பெயின்டர் டப்பாவை மூடிவிட்டார். ஆனால் அதற்குள் வாசனை வெளியே வந்துவிட்டது. தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயின் மெல்லிய வாசனை. உங்கள் பனியனிலிருந்து எந்நேரமும் வந்துகொண்டிருந்த அதே வாசனை. அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். படிக்கக்கூடிய நிலையில் எதிர்வீட்டில் நீங்கள் இருந்த காலத்தில் நான் எழுதவில்லை. அப்போது தபால்தலைகூடத் தேவைப்பட்டிருக்காது.

முத்தியால்பேட்டையில் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்தபோது யாழினிக்கு நான்கு வயது. நீங்கள் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்தச் செய்தி உங்கள் காதுகளுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. காலை ஆறு மணிக்குக் காக்கி அரைக்கால் சட்டையும் பனியனுமாக, நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் கேனோடு தெருவை ஒரு சுற்று வருவீர்கள். எந்த வீட்டு மோட்டார் முனகுகிறது, யாருடைய சைக்கிள் செயின் உரசுகிறது என்று நின்று கேட்பீர்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. கேனின் அடியைக் கட்டைவிரலால் அழுத்துவீர்கள். 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு சொட்டு. வேலை முடிந்தது. நன்றி சொல்ல வீட்டுக்காரர் கதவைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

"சத்தம் போடுதுன்னா அதுக்கு எங்கியோ வலிக்குதுன்னு அர்த்தம், தம்பி." இது நீங்கள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியங்களில் ஒன்று. எங்கள் கேட்டைப் பற்றிச் சொன்னீர்கள்.

அந்தக் கேட் திறந்தால் வீட்டின் கடைசி அறைவரை கேட்கும். குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாலும், மிக்சி ஓடிக்கொண்டிருந்தாலும் கேட்கும். வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தபோது வீட்டுக்காரர் அதற்காக மன்னிப்புக் கேட்டார். நானும் வசந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மற்ற அறைகளைப் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டோம்.

காரணத்தை உங்களிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

யாழினிக்கு ஆட்டிசம் என்று உறுதியான பிறகு, பயிற்சி தரும் அம்மையார் எங்களை உட்காரவைத்து, வீட்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொன்னார். நான் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவன். எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன். வாசல் கதவுக்கு அவள் கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். மாடிக் கதவுக்குப் பூட்டு. தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு இன்னொரு பூட்டு. பினாயில், மாத்திரை, கத்தி எல்லாம் பரண்மேல். சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடிவிட வேண்டும். குளியலறை வாளியில் தண்ணீர் நிற்கக் கூடாது, ஏனென்றால் தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். பயம் என்பது இல்லை. வண்டி வந்தாலும் விலக மாட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். கதவு திறந்திருந்தால் போய்விடுவாள். கோபித்துக்கொண்டு போவதல்ல. திறந்திருக்கிறது, அதனால் போவாள்.

"அக்கம்பக்கத்துல சொல்லி வைங்க சார்," என்றார் அந்த அம்மையார் கடைசியாக. "பாப்பா தனியா வந்தா புடிச்சி நிறுத்துங்கன்னு சொல்லுங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு கதவு இருக்குற மாதிரி."

மற்ற எல்லா எண்களையும் ஒரே வாரத்தில் நிறைவேற்றினேன். இந்தக் கடைசி எண்ணைப் பரிசீலனையில் வைத்தேன். ஐந்து வருடங்கள் அது பரிசீலனையில் இருந்தது.

தெருவில் கேட்டவர்களுக்கு, பெண் கொஞ்சம் கூச்ச சுபாவம் என்றேன். அவள் பள்ளி வேனின் பக்கவாட்டில் பள்ளியின் பெயரும் அது எப்படிப்பட்ட பிள்ளைகளுக்கானது என்பதும் பெரிய எழுத்தில் இருந்தன. வேனைத் தெருவுக்குள் வர வேண்டாம், மெயின் ரோட்டிலேயே நிற்கட்டும் என்று ஏற்பாடு செய்தேன். மழையிலும் வசந்தி அவளை இழுத்துக்கொண்டு அங்கேதான் நடந்தாள். "கதவுக்குப் போட்ட பூட்டவிட உங்க கௌரவத்துக்குப் போட்ட பூட்டுதான் பெருசா இருக்கு," என்று ஒருநாள் நனைந்து வந்து சொன்னாள். நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

இந்த நிலையில்தான் நீங்கள் கேட்டுக்கு வந்தீர்கள்.

"இன்னா தம்பி, கேட்டு இந்தக் கத்து கத்துது? கழுத்த அறுக்குற மாதிரி. இரு, ரெண்டு சொட்டு உடறேன்."

"வேணாம்ணே. இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதற்குப் பதிலாக, "வாஸ்துண்ணே," என்றேன். "வடக்குப் பாத்த வாசல். கேட் சத்தம் போடுறது நல்லதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு."

நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். மில் வாசலில் சிவப்புக் கொடி பிடித்து நின்றவர். "படிச்சவன்தானே நீ?" என்றீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதில் கேலி இல்லை. மோட்டாருக்குள் தண்ணீர் போய்விட்டதைப் பார்த்தவரின் வருத்தம்தான் இருந்தது.

அதன் பிறகு நமக்குள் ஒரு நீண்ட போர் நடந்தது. அது நடந்தது உங்களுக்குத் தெரியாது. வெயில் காலத்தில் கேட்டின் சத்தம் கொஞ்சம் அடங்கும். அப்போது நான் விடியற்காலையில் எழுந்து ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரைக் கீல்களில் ஊற்றிவிட்டு வருவேன். இரண்டு வாரத்தில் துரு ஏறிப் பழையபடி கத்தும். நீங்கள் வந்து குனிந்து பார்ப்பீர்கள். "எங்க வூட்டு கேட்டு இப்பிடி ஆவலியே. உங்க பக்கம் மட்டும் கடக்காத்து ஜாஸ்தியா அடிக்குதா?" என்பீர்கள். இடையில் உள்ளது பத்தடித் தெரு. கடற்காற்று அப்படி ஆள் பார்த்து அடிக்கும் என்று நான் சாதித்தேன். நம்பினீர்கள். நான் என்ன சொன்னாலும் நம்பினீர்கள் என்பதைத்தான் அப்போது நான் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வசந்தி விடியற்காலையிலேயே வில்லியனூருக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை உள்ளே எடுத்துவந்தேன். கதவைச் சாத்தினேன், மேல் தாழ்ப்பாளைப் போட்டதாக நினைத்தேன். பேப்பரை விரித்தேன். தவறிப்போய்க் கதவு திறந்தாலும் கேட் சொல்லும் என்கிற நிம்மதி எப்போதும் உண்டு. அன்று வீடு மிகவும் அமைதியாக இருந்தது. இவ்வளவு அமைதியாகப் பேப்பர் படித்து எத்தனை நாளாகிறது என்று நினைத்தேன். கடைசிப் பக்கம்வரை படித்தேன்.

பிறகுதான், அமைதி வேறு வகையானது என்று தோன்றியது. எழுந்து பார்த்தால் அறையில் அவள் இல்லை. கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. கேட்டும்.

நான் தெருவில் நின்று கத்தியது என்ன என்று எனக்கு நினைவில்லை. முனையில் இஸ்திரி போடும் செல்வி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இப்பத்தான் சார் போச்சு, கிழக்கால. தனியாத்தான் போச்சு," என்றார். நீங்கள் சைக்கிளோடு வெளியே வந்தீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"எங்க போவும்?"

"தண்ணி," என்றேன். "தண்ணி இருக்குற எடத்துக்கு."

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கிழக்கே தண்ணீர் என்றால் குருசுக்குப்பம். கடல். சைக்கிளை மிதித்த வேகத்தில் உங்கள் செருப்பு ஒன்று தெருவிலேயே கிடந்தது. நான் பின்னால் ஓடினேன். பஸ் போகும் ரோட்டை அவள் எப்படிக் கடந்தாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது, கருங்கல் கொட்டிய கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: "யார் வூட்டுப் பொண்ணுப்பா இது? கூப்புட்டுக்கினே இருக்கேன், திரும்பவே மாட்டேங்குது!" நீங்கள் கற்களுக்கு அப்பால் தண்ணீருக்குள் நின்றீர்கள். உங்களுக்கு இடுப்பளவு, அவளுக்குக் கழுத்தளவு. அவளுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். அவள் அலறிக்கொண்டிருந்தாள், பயத்தில் அல்ல, தண்ணீரை விட்டு வர வேண்டியிருக்கிறதே என்று. உங்கள் முழங்காலில் கல் கிழித்து ரத்தம் வந்தது.

"ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா," என்றீர்கள்.

இதுவரை நடந்ததை யாரிடம் வேண்டுமானாலும் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்றாலும்.

வீட்டுக்குத் திரும்பினோம். தெருவே வாசலில் நின்றது. நான் கேட்டைத் தள்ளினேன். காற்றுப் பட்ட திரைச்சீலை போல அது விலகியது. கீலைப் பார்த்தேன். துருவெல்லாம் துடைத்து, எண்ணெய் மின்னியது.

"யாரு எண்ணெ உட்டது?"

"நான்தான் தம்பி. காலையில." ஈரத் துணியோடு நின்றுகொண்டு நீங்கள் கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தீர்கள். "வாஸ்து வாஸ்துன்னு எத்தினி நாளைக்கு அத கஷ்டப்படுத்துவ? தெரியாம செஞ்சிட்டா ஜோசியன் உன்னக் கேக்க மாட்டான்ல. அதான்."

நான் கத்தினேன். உங்களை யார் கேட்டது என்றேன். என் வீட்டுக் கேட்டைத் தொட நீங்கள் யார் என்றேன். அவளுக்கு ஆட்டிசம், அவளுக்குப் பேச வராது, அந்தச் சத்தம் ஒன்றுதான் அவளுக்குக் காவல், அதை நீங்கள் கொன்றுவிட்டீர்கள், எம் பொண்ணைக் கொல்லப் பார்த்தீர்கள் என்றேன். ஐந்து வருடம் கட்டிக்காத்த ரகசியத்தை இரண்டு நிமிடத்தில், ஒலிபெருக்கி வசதி இல்லாமலே, தெரு முழுவதற்கும் அறிவித்து முடித்தேன். அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்த கை அப்போதும் அவள் மணிக்கட்டை விடவில்லை. அந்தக் கையைத் தட்டிவிட்டு அவளை வாங்கிக்கொண்டேன்.

"தெரியாது தம்பி," என்றீர்கள். அவ்வளவுதான். நீ என்னிடம் சொன்னாயா என்று கேட்கவில்லை. ஒற்றைச் செருப்போடு தெருவைக் கடந்து போனீர்கள். அன்று நான் போட்ட சத்தத்தையும், எங்கோ வலிக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ.

மறுநாள் இஸ்திரித் துணி வாங்கப் போனபோது செல்வி அக்காவிடம் கேட்டேன், தனியாகப் போகிறாள் என்று பார்த்தும் ஏன் நிறுத்தவில்லை என்று.

"புடிச்சி நிறுத்தியிருப்பேன் சார். ஆனா நிறுத்துனா எனக்கு விஷயம் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்ல? நீங்க சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இன்னா சார் நீங்க. அஞ்சு வருசமா பாக்குறோம். எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்லல, அதனால நாங்க கேக்கல."

அதாவது தெருவில் உண்மையிலேயே தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான் அண்ணே. மற்றவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் என் பேச்சை நம்பினீர்கள். கூச்ச சுபாவம் என்றேன், நம்பினீர்கள். கடற்காற்று என்றேன், நம்பினீர்கள். வாஸ்து என்றேன், அதையும் நம்பி, என்மேல் பரிதாபப்பட்டு, எண்ணெய் விட்டீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் ஏதோ உரசும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து, கீலின் இரும்புப் பின்னை உருவி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்த துணியால் எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்தீர்கள். பிறகு அரத்தால் அந்தப் பின்னைக் குறுக்கும் நெடுக்கும் ராவினீர்கள். திரும்ப மாட்டி, கேட்டைத் திறந்து மூடிக் காதை வைத்துக் கேட்டீர்கள். போதாது என்று மறுபடி உருவி ராவினீர்கள். நான்காவது முறை கேட் அலறியது. முன்பு அலறியதைவிட மோசமாக. வாழ்நாள் முழுவதும் சத்தத்தை அடக்கிய கை அதற்காக எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அது நாற்பது நிமிடம். வெளியே வர எனக்கு ஐந்து விநாடி போதும்.

"போய் ஒரு வார்த்த பேசிட்டு வாங்க," என்றாள் வசந்தி.

"பேசலாம்," என்றேன்.

வேன் இனி வீட்டு வாசலுக்கே வரலாம் என்று ஆகிவிட்டது. தெருவின் அமைப்புப்படி அது உங்கள் வீட்டுப் பக்கம்தான் நிற்கும். யாழினி தெருவைக் கடக்க வேண்டும். எட்டு நாற்பதுக்குக் கேட் அலறும். உடனே நீங்கள் வெளியே வருவீர்கள். அவளைப் பார்த்து வலது உள்ளங்கையைத் தூக்குவீர்கள். "நில்லு." அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை பார்ப்பீர்கள். கையை இறக்குவீர்கள். "வா." முதல் இரண்டு வாரம் வசந்தி அவளை இழுத்துப் பிடித்து நிறுத்தினாள். பிறகு அவளே நின்றாள். உங்கள் கை இறங்கும்வரை நின்றாள். பயிற்சி வகுப்பில் மூன்று வருடமாக வராதது அது.

ஒன்பது பத்துக்கு நான் அலுவலகம் கிளம்புவேன். கேட் அலறும். நீங்கள் வெளியே வருவீர்கள். நான்தான் என்று பார்த்துவிட்டு உள்ளே போவீர்கள். எட்டு மாதம், வேலை நாள் தவறாமல், நாம் இப்படிச் சந்தித்துக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் கேட்டைத் திறந்தேன். தீபாவளிக்குப் பலகாரத்தோடு போய்ச் சொல்லலாம் என்று வைத்தேன். பொங்கலுக்குத் தள்ளினேன். பரிசீலனையில் வைப்பது எனக்குத் தொழில்.

உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் சாத்துக்குடியோடு வந்தேன். நினைவிருக்கும். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தீர்கள்.

"கேட்டு சத்தம் போடுதா?" என்றீர்கள்.

"போடுதுண்ணே."

"நல்லது."

வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. மேலே பார்த்தேன். "ஃபேன் சத்தம் போடுதுண்ணே," என்றேன்.

"கேட்டுக்கினுதான் கெடக்குறேன். பேரிங்கு போயிடுச்சி. ஏணி குடுக்க மாட்டேங்குறானுங்க." சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சாத்துக்குடியை உரித்துக் கொடுத்தேன். பார்வையாளர் நேரம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

பொருள்களை ஒழுங்குபடுத்த வந்த உங்கள் மகள், எண்ணெய்க் கேனை யாழினியிடம் கொடுத்துவிட்டுப் போனார். காலியாகத்தான் இருக்கிறது. அடியை அழுத்தி 'டிக்' என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அது கையில் இருந்தால் சாப்பாடு இறங்குகிறது. நான் சட்டைப் பையில் அவளுடைய புகைப்படமும் எங்கள் நம்பரும் உள்ள அட்டைகள் வைத்திருக்கிறேன். போகிற இடத்திலெல்லாம் கொடுக்கிறேன். பஸ் கண்டக்டர், மருந்துக்கடைக்காரர், குருசுக்குப்பத்தில் மீன் காயவைக்கும் அந்த அம்மா என்று யாரையும் விடுவதில்லை. "எம் பொண்ணுக்கு ஆட்டிசம். தனியா வந்தா புடிச்சி நிறுத்துங்க." எண்ணிப் பார்த்தால் இரண்டே வாக்கியம்தான். சொல்லச் சொல்ல எளிதாகிறது. முதலில் சொல்லியிருக்க வேண்டியவரைத் தவிர எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீடு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. காலையில் கேட் அலறியதும் யாழினி வாசலில் நின்று உங்கள் கதவைப் பார்க்கிறாள். வசந்தி கையைத் தூக்கிக் காட்டினாள். நானும் அந்தப் பக்கம் போய் நின்று காட்டினேன். எங்கள் கைகளை அவள் பார்ப்பதில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு அவளாக வருகிறாள். அதற்கு நான்கு நிமிடம் ஆகிறது.

வேன் டிரைவர் எங்கள் தெருவுக்கான நேரத்தை எட்டு நாற்பதிலிருந்து எட்டு முப்பத்தாறு என்று மாற்றிவிட்டார்.